தீப்பெட்டியில் மூன்று கண்ணி

"கட்டில்ல வச்சு செய்யாத. தரைக்கு இறங்கு" என்றுதான் முதலில் சொன்னேன்.

ஷார்ஜாவிலிருந்து மகள் வீடியோ காலில் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறாள். ஸ்டீல் செயின். அவர் கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது, இறக்கினால் உள்ளங்கையில் வந்து இடிக்கிறது. "நீங்க சொல்லச் சொல்ல நானே கழட்டுறேன்ப்பா" என்றாள். நாற்பது வருஷம் வாட்ச் கடையில் உட்கார்ந்தவனின் மகள். ஆனால் சின்னப் பிள்ளையில் டிபன் கேரியர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடியதைத் தவிர, என் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தவள் இல்லை.

தரையில் ஏன் என்று கேட்டாள். கட்டிலிலிருந்து விழும் பின் தெறித்து பீரோவுக்கு அடியில் போகும். தரையில் இருக்கிற பின்னுக்கு விழ இடம் ஏது? கீழே மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி ஒன்றை விரிக்கச் சொன்னேன். பூப்போட்ட போர்வை ஆகாது. பூவுக்குள் பின் ஒளிந்துகொள்ளும்.

இதெல்லாம் எனக்கு யாரும் இப்படி உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. 1983-இல், பதினைந்து வயதில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையில் சேர்ந்தேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம். முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் குனிந்த விளக்கு, எந்நேரமும் பெட்ரோல் வாசனை. கடை முதலாளி அண்ணாச்சி ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உள்ளே இருப்பார். எனக்கு வெளியே ஸ்டூல். முதல் இரண்டு வருஷம் வாட்சின் மிஷினைத் தொடவிடவில்லை. பட்டை மாற்றுவது, செயின் குறைப்பது, கண்ணாடி துடைப்பது, டீ வாங்கி வருவது. இந்த நான்கில் கடைசி வேலையைத்தான் நான் முதலில் உருப்படியாகக் கற்றேன்.

வாட்ச் வேலையில் பட்டை வேலைக்கு மரியாதை கிடையாது. மிஷினுக்குள் இருக்கிற ஹேர்ஸ்பிரிங்கை நிமிர்த்துகிறவன் கெட்டிக்காரன், பட்டை மாற்றுகிறவன் பொடியன். நானும் அப்படித்தான் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று யோசித்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. மிஷின் சரியில்லை என்றால் வாட்ச் நின்றுபோகும், அவ்வளவுதான். திரும்பிக் கொண்டுவந்தால் ஓட்டிக்கொடுக்கலாம். பட்டை சரியில்லை என்றால் வாட்சே போய்விடும். இதை நான் ஆற்றில் கற்றேன். அதற்கு வருகிறேன்.

பட்டையைக் கேஸோடு பிடித்திருப்பது ஸ்பிரிங் பின். பார்வைக்கு ஒரு துண்டுக் கம்பி. உண்மையில் அது ஒரு குழாய். உள்ளே ஒரு சுருள், இரண்டு முனையிலும் உள்ளே போய் வெளியே வரும் இரண்டு மூக்கு. அந்த மூக்குகள் கேஸின் கொம்புகளில் இருக்கிற குழிக்குள் போய் உட்காரும். கழற்றும்போது மூக்குக்குக் கீழே இருக்கிற சின்ன வளையத்தைக் கவைமுனை உள்ள கருவியால் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளினதும் சுருளுக்குக் கோபம் வரும். விரலால் மறைத்துக்கொள்ளாவிட்டால் பின் பறந்துவிடும்.

முதல் மாதத்தில் எத்தனை பறந்தது என்று எனக்குக் கணக்கில்லை. அண்ணாச்சிக்கு இருந்தது. பின் பறந்ததும் நான் குனிந்து தேட ஆரம்பிப்பேன். "ஏலே, குனியாதல. காதை வச்சுத் தேடு" என்பார். விழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். சிமெண்டில் விழுந்தால் ஒரு சத்தம், தகரத்தில் பட்டால் இன்னொன்று. சத்தமே வரவில்லையா, உன் சட்டை மடிப்பைப் பார். பாதி பின்கள் என் சட்டையிலிருந்தும் மடித்துக் கட்டின வேட்டியிலிருந்தும்தான் கிடைத்தன. காந்தம் வைத்துத் தேடலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். வாட்ச் கடைக்குள் காந்தமா? ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் தறிகெட்டு வேகமாக ஓடும். அன்றைக்கு அவர் திட்டினதை இங்கே எழுத முடியாது.

அப்போதெல்லாம் கைக்குக் கை எச்.எம்.டி.தான். சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் ஆரம்பித்த வாட்ச் ஃபேக்டரி. மாப்பிள்ளைக்குச் சீர் என்றால் அதில் ஒரு எச்.எம்.டி. இருக்கும். ஜனதா, பைலட் இரண்டுக்கும் பட்டை 18 மில்லி. கறுப்பு, பிரவுன் என்று இரண்டு கலரில் 18 மில்லி பட்டை ஒரு கட்டு வைத்திருந்தால் அன்றையப் பிழைப்பு ஓடிவிடும். நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் தோல் பட்டை ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். உப்புப் பூத்து, வளைகிற இடத்தில் வெடித்து, கடைசியில் கொக்கி நாக்கு போகிற ஓட்டை கிழிந்து வரும். கழற்றிய பட்டையை முகர்ந்தே ஆள் என்ன வேலை செய்கிறவர் என்று அண்ணாச்சி சொல்வார். பஸ் கண்டக்டர்களுடையதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பார். எனக்கு அந்த மூக்கு கடைசிவரை வரவில்லை.

இனி அந்த ஆற்றுக் கதை. ஒரு கல்யாண மாப்பிள்ளை, புது ஜனதாவுக்கு நல்ல தோல் பட்டை போட வந்தார். கடையில் கூட்டம். நான் மாட்டினேன். பன்னிரண்டு மணிப் பக்கம் கொக்கி வைத்த குட்டைத் துண்டு, ஆறு மணிப் பக்கம் ஓட்டை போட்ட நெட்டைத் துண்டு. எல்லாம் முறைப்படிதான். ஆனால் ஒரு பின்னின் ஒரு மூக்கு குழிக்குள் விழாமல் விளிம்பில் ஏறி நின்றிருக்கிறது. பார்த்தால் தெரியாது. கையில் கட்டினால் நிற்கும். நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். கையில் பட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. குறுக்குத்துறையில் குளிக்க இறங்கும்போது படியில் கையை ஊன்றியிருக்கிறார், வாட்ச் தாமிரபரணிக்குள் போய்விட்டது. பட்டையைக் கழற்றக்கூட இல்லை, சாட்சிக்கு அப்படியே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணாச்சி என்னை அடிக்கவில்லை. பெட்டியிலிருந்து, சர்வீஸ் செய்து விற்பனைக்கு வைத்திருந்த ஒரு ஜனதாவை எடுத்து அவரிடம் கொடுத்தார். அதற்கான பணத்தை என் கூலியில் வாரா வாரம் பிடித்தார். ஒரு மாதம் பட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சர்வீஸுக்கு வந்த வாட்சுகளுக்குச் சாவி கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மாதம் முடிந்த அன்று ஒரு வாட்சைக் கொடுத்து மாட்டச் சொன்னார். மாட்டினேன். "இழு" என்றார். இழுத்தேன். "நாய்க்குட்டியை இழுக்கிற மாதிரி இழுக்காதல. மாட்டை இழு." அன்றிலிருந்து பின் விழுந்த சத்தம் கேட்டாலும் சரி, இரண்டு பக்கமும் மாட்டை இழுப்பது போல இழுத்துப் பார்க்காமல் ஒரு வாட்சையும் நான் கொடுத்ததில்லை. சில வாடிக்கையாளர்கள் பயந்து கையை நீட்டுவார்கள். இப்போது பிய்வதானால் பிய்யட்டும் என்று நான் சிரித்துக்கொண்டே இழுப்பேன்.

1987-இல் டைட்டன் வந்தது. டாட்டாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் போட்ட கம்பெனி. பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ், மெல்லிசுக் கேஸ், தங்க முலாம் பூசின செயின். சாவி கொடுக்க வேண்டாம், எண்ணெய் போட வருஷாவருஷம் கடைக்கு வர வேண்டாம். அண்ணாச்சி ஒன்றைத் திறந்து பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லயேல" என்றார். மிஷின் வேலை தேய ஆரம்பித்தது அங்கேதான். பேட்டரியும் செயினும்தான் எங்களுக்கு மிச்சம். பொடியன் வேலை என்று ஒதுக்கினதை வைத்துத்தான் பிறகு நான் என் சொந்தக் கடையை ஓட்டினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன்.

செயினில் எத்தனை ரகம்! வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சீகோ 5 செயின்கள் தகட்டை மடித்துச் செய்தவை. கையை ஆட்டினால் சலங்கை மாதிரி சத்தம் வரும். அதைக் குறைக்க, மடிப்பைக் கத்தி முனையால் நிமிர்த்தி, கண்ணியைக் கழற்றிவிட்டு மறுபடி மடிக்க வேண்டும். ஒரு மடிப்பு இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது, ஒடிந்துவிடும். ஆகவே அளவைச் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். அப்புறம் இழுத்தால் விரியும் ஸ்பிரிங் செயின். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு குட்டி குட்டிக் கொக்கிகள் கோத்திருக்கும். கை முடியைப் பிடுங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனாலும் வயசானவர்களுக்கு அதை விட மனசு வராது. கொக்கி மாட்ட இரண்டாவது ஆள் வேண்டாமல்லவா. வலை மாதிரி பின்னின செயின் எல்லாவற்றிலும் சுலபம். அதில் கண்ணியே கழற்ற வேண்டாம், பூட்டின் மூடியை நெம்பி நகர்த்தி அமுக்கினால் முடிந்தது. இதற்கும் கடைக்கு வந்து காசு கொடுத்தவர்கள் உண்டு. வாங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

இப்போது பரவலாக இருப்பது கெட்டிக் கண்ணி. உள்பக்கத்தைப் பார்த்தால் சில கண்ணிகளில் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கமாகப் பின்னைத் தள்ளினால் வெளியே வரும். பின்னின் ஒரு முனை ஹேர்பின் மாதிரி பிளந்திருக்கும். திரும்ப மாட்டும்போது அம்புக்கு எதிராக, பிளவில்லாத முனையை முதலில் விட வேண்டும். பிளந்த முனைதான் கடைசியில் இறுகிப் பிடிக்கும். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் செயினை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவருவார்கள். சீகோவின் சில செயின்களில் இன்னொரு சூழ்ச்சி உண்டு. நடுக் கண்ணிக்குள் அரிசிக் குருணையை விடச் சின்னதாக ஒரு குழாய் இருக்கும். பின் அதற்குள் நுழைந்துதான் இறுகும். அது கீழே விழுந்தது தெரியாமல் பின்னை மட்டும் மாட்டினால் பின் லொடலொடவென்று ஆடி இரண்டு நாளில் நழுவிவிடும். திருகு வைத்த செயின்களும் உண்டு. திருகில் பசை போட்டிருப்பார்கள். முடி காயவைக்கிற மிஷினால் கொஞ்சம் சூடு காட்டினால் இளகும். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு முறுக்கினவர்கள் திருகின் தலையை மழித்துவிட்டு வருவார்கள்.

அளவு பார்ப்பதை யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து அளவு கொடுப்பார்கள். காலைக் கை வேறு, மத்தியானக் கை வேறு. வெயிலில் நடந்து வந்தால் மணிக்கட்டு வீங்கும். ஆகவே நான் சாயங்காலம் வரச் சொல்வேன். இல்லையென்றால் கடைக்கு எதிரே கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வேன், பைத்தியமா என்று பார்ப்பார்கள். பூட்டினபின் சுண்டுவிரல் நுனி உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. பூட்டின் ஓரத்தில் மூன்று நான்கு குழிகள் வரிசையாக இருக்கும். அங்கே பின்னை நடுக்குழியில் வைத்துவிட்டுத்தான் கண்ணியை எண்ண வேண்டும். அப்போதுதான் பிறகு கோடைக்கு ஒரு குழி தளர்த்தவும் மார்கழிக்கு ஒரு குழி இறுக்கவும் இடம் இருக்கும். கண்ணிகளை இரண்டு பக்கமும் சமமாகக் கழற்றினால் பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவில் நிற்கும். ஒற்றைப்படையாக வந்தால் கூடுதல் ஒன்றை ஆறு மணிப் பக்கம் கழற்றுவது என் பழக்கம்.

கழற்றிய கண்ணிகளை என்ன செய்வது? அண்ணாச்சி இதில் கறார். ஒரு கண்ணி ஆனாலும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். "எனக்கு எதுக்கு அண்ணாச்சி, தூரப் போடுங்க" என்று போகிறவர்களுடையதைத் தீப்பெட்டியில் போட்டு, பேரும் ஊரும் வாட்ச் பேரும் எழுதி மேஜை அடியில் அடுக்குவார். நான் கடை போட்டபோதும் அதே பழக்கம். மனைவி வீட்டில் காலியாகும் தீப்பெட்டிகளைச் சேர்த்து மாதாமாதம் கொடுத்துவிடுவாள். கண்ணி ஒவ்வொரு வாட்சுக்கும் தனி. ஒரே கம்பெனி, ஒரே சைஸ் என்றாலும் மாடல் மாறினால் பொருந்தாது. வேறு வாட்சின் கண்ணி என்றால் அகலம் ஒத்துவந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். ஹாங்காங்கில் கல் வியாபாரம். எல்லாரையும் போல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அந்த ஊரில் அது அண்ணன். எண்பதுகளின் கடைசியில் ஒரு சீகோ கொண்டுவந்தார். ஆள் ஒல்லி. நான்கு கண்ணி கழற்றினேன். வேண்டாம் என்று போய்விட்டார். தீப்பெட்டியில் போட்டுவைத்தேன். பிறகு ஊருக்கு வருகிற வழியில் எப்போதாவது தலை காட்டுவார், பேட்டரி போடுவார், வியாபாரத்தைப் பற்றிப் பேசுவார். கண்ணிப் பேச்சு எழவே இல்லை. பதினோரு வருஷம் கழித்து ஒருநாள் வந்து கையை நீட்டினார். செயின் சதையில் பதிந்து சிவப்புத் தடம். உடம்பு வைத்துவிட்டது. "புதுச் செயின் போடுவோமா?" என்றார். நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். தீப்பெட்டி இருந்தது. இரண்டு கண்ணி சேர்த்தேன், மற்ற இரண்டும் பெட்டிக்கே போயின. புதிதாகச் சேர்ந்த இரண்டு மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தன. மற்றவை பதினோரு வருஷம் கையில் கிடந்து கீறலாகி மங்கியிருந்தன. அவர் அந்த இரண்டையும் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை. எதற்கு வாங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு செல்போன் வந்து மணி பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த வருஷம்தான் பழைய ஜனதாக்களைத் தேடி இளவட்டங்கள் கடைக்கு வந்தார்கள், போன பிறகு அருமை தெரிகிறது. இப்போது ஸ்மார்ட் வாட்ச். பெரும்பாலும் 20 மில்லி, 22 மில்லி பட்டைகள். பின்னிலேயே ஒரு குட்டிக் குமிழ் வைத்துவிட்டார்கள், நகத்தால் இழுத்தால் கழன்றுவிடும். கருவி வேண்டாம், கடைக்கும் வர வேண்டாம். சட்டைக்கு ஒரு பட்டை மாற்றுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆன்லைனில் பட்டை வாங்குமுன் கொம்புகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். 20 மில்லித் தோலை 19 மில்லி இடத்தில் அமுக்கி நுழைக்கலாம். ஸ்டீலை நுழைக்க முடியாது. பழைய பட்டைக்கு வீட்டிலேயே ஓட்டை போடுகிறவர்கள் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்த வேண்டாம். ஓரம் கருகி அங்கேயே கிழியும். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுங்கள், அவரிடம் இருக்கிற குழல் உளி வட்டமாக வெட்டும்.

மகள் தரையில் உட்கார்ந்தாள். பேத்தி போனைப் பிடித்துக்கொண்டாள், பாதி நேரம் எனக்கு அவள் மூக்குதான் தெரிந்தது. கருவி என்று ஒன்றும் இல்லை. பேத்தியின் ஸ்கூல் சார்ட் குத்துகிற, பிளாஸ்டிக் தலை வைத்த ஊசி ஒன்று, போனில் சிம் மாற்றுகிற குச்சி ஒன்று, அவளுடைய அழிரப்பர் இரண்டு. ரப்பர்களை ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்து, மேலே செயினைக் குத்தாக நிறுத்தச் சொன்னேன். பின் அந்தச் சந்துக்குள் விழும். கேஸின் மேல் ஒரு டேப் ஒட்டவைத்தேன், ஊசி வழுக்கினால் கீறல் டேப்பில் போகட்டும்.

"அம்பு எங்கிட்டு பாக்குது?"

"கீழ பாக்குதுப்பா."

"அப்ப மேல இருந்து ஊசிய வச்சு கரண்டிக் காம்பால தட்டு. மெதுவா. மருந்து இடிக்கிற மாதிரி."

நாலாவது தட்டில் பின் கொஞ்சம் இறங்கியது. மீதியை சிம் குச்சியால் தள்ளினாள். பின் ரப்பர் சந்துக்குள் விழுந்தது. கண்ணியைத் தலைகீழாகப் பிடித்து வேட்டி மேல் உதறிப் பார்க்கச் சொன்னேன். குருணைக் குழாய் எதுவும் விழவில்லை, அந்த ரகம் இல்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆறு மணிப் பக்கம் இரண்டு, பன்னிரண்டு மணிப் பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று கண்ணி. திரும்ப மாட்டும்போதுதான் அவள் தடுமாறினாள். பிளந்த முனையை முதலில் விட்டுவிட்டு, போகமாட்டேன் என்கிறது என்று ஊசியை வைத்து ஓங்கித் தட்டப் போனாள். "ஏம்மா, நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து கட்டிப் பார்த்தார். சாயங்காலக் கை. சுண்டுவிரல் நுனி போனது. "கரெக்டா இருக்கு மாமா" என்றார். கழற்றி மகளிடம் கொடுக்கச் சொன்னேன். "இப்ப ரெண்டு பக்கமும் புடிச்சு இழு. இன்னும். மாட்டை இழுக்கிற மாதிரி." இழுத்தாள். மாப்பிள்ளை முகத்தில், பிறந்தநாள் வாட்ச் போச்சே என்கிற கலவரம்.

"மூணு கண்ணி மிச்சம் இருக்கேப்பா, தூரப் போட்டுரவா?"

"போட்றாத. ஒரு தீப்பெட்டில வச்சு, வாட்ச் பேரை எழுதி வை."

"இங்க ஏதுப்பா தீப்பெட்டி? அடுப்பே கரண்ட்ல ஓடுது."

கொஞ்ச நேரம் அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம். பிறகு போனுக்கு முன்னால் ஒரு குட்டி டப்பாவைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினாள். மூன்று கண்ணியும் உள்ளே உருண்டன. ஏலக்காய் டப்பா. மாப்பிள்ளையின் வாட்ச் பேரைப் பேத்தி கலர் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.